திம்பம் ஏற்றத்தில் கொதிக்கும் பழைய மாருதி 800: ஹெட்டைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பா வாங்கிய 1996 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, ஏ.சி. கிடையாது. சத்தியமங்கலத்துக்குள் எவ்வளவு ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏறினால் எட்டு, ஒன்பதாவது வளைவுக்குள் முள் சிவப்பைத் தொடுகிறது. ஒரு மெக்கானிக் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றினார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வை, கழற்றிவிட்டு, சாவி போட்டதுமே ஃபேன் சுற்றும்படி டைரக்ட் கொடுத்தார். வாரம் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஈரம் இல்லை. இப்போது மூன்றாவது ஒருவர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள சிலிண்டர் பகுதிக்கும் நடுவில் அடைக்கும் தகடு) போய்விட்டது, பிரித்துவிடலாம் என்கிறார். பிரிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது வேண்டாம். கேஸ்கெட் போயிருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. அதை உறுதிசெய்ய இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். இதுவரை மூன்று பேர் உங்கள் வண்டியைப் பார்த்திருக்கிறார்கள், ஆளுக்கொரு பாகத்தைச் சந்தேகப்பட்டார்கள், ஒருவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. சூடாகும் வண்டியில் முதலில் கேட்க வேண்டியது "எது போச்சு" என்றல்ல, "எப்போது சூடாகிறது" என்று. பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் கால் பங்கு, நன்றாக ஓடும்போது மூன்றில் ஒரு பங்கு, சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடுதான். அதில் ஒரு பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு போக, இன்னொரு பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்து வந்து ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். ஆக, கோளாறு மூன்று இடங்களில்தான் இருக்க முடியும். இன்ஜின் வழக்கத்தைவிட அதிகச் சூட்டை உண்டாக்குகிறது, அல்லது தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது காற்று போதவில்லை. சிக்னலில் நின்றால் சூடாகி, ஓடினால் இறங்கும் வண்டி என்றால் காற்றுக் குறை: ஃபேன், ஃபியூஸ், ரிலே, ஃபேன் சுவிட்ச். ஹைவேயில் 80-இல் போகும்போது ஏறி, நின்றால் இறங்கும் வண்டி என்றால் தண்ணீர் ஓட்டம் அல்லது டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்தாறு நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது உள்ளே ஏர் லாக் (தண்ணீர் வழியில் சிக்கிய காற்று), அல்லது கேஸ்கெட்.

மலையேற்றம் இந்த எதிலும் சுத்தமாக அடங்காது. 27 கொண்டைஊசி வளைவுகளை லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஏறுகிறீர்கள். ஆக்ஸிலரேட்டர் முக்கால்வாசி மிதிபட்டிருக்கிறது, அதனால் சூடு உச்சத்தில். வேகமோ 20 கிலோமீட்டர், அதனால் எதிர்க்காற்று கிடையாது, எல்லாமே ஃபேன் தலையில். காற்று, தண்ணீர் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பரீட்சை. அதனால்தான் திம்பத்தை மட்டும் வைத்து எந்தப் பக்கம் கோளாறு என்று பிரிக்க முடியாது. சமதளச் சாலையில், கோபி பக்கமோ ஈரோடு பக்கமோ, 70–80 வேகத்தில் 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் முள் ஏறினால் காற்றைவிடத் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகியுங்கள். அங்கே ஏறாமல் மலையில் மட்டும் ஏறினால் காற்றுதான் முதல் குற்றவாளி.

"ஊருக்குள் சரியாக இருக்கிறது" என்ற உங்கள் சாட்சியத்தை நான் முழுதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லை, ஃபேன் எப்போதும் சுற்றுகிறது. அந்த நிலையில் பலவீனமான கூலிங் சிஸ்டம்கூட ஊருக்குள் சமாளித்துவிடும். அந்த இரண்டு வேலையும் நோயைக் குணமாக்கவில்லை, மறைத்து வைத்திருக்கின்றன.

முதல் சோதனைக்குச் செலவே கிடையாது. இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் சுற்றும்போது ஒரு நோட்டுக் காகிதத்தை முன் கிரில் பக்கமிருந்து ரேடியேட்டர் முகத்தில் வையுங்கள். காகிதம் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். விலகிப் பறந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. சிரிக்காதீர்கள், நான் நேரில் பார்த்தது இது. என்னிடம் ஒரு 800 வந்தது. "அண்ணா, ரேடியேட்டரை ரெண்டு தடவ மாத்தியாச்சுங்க, பம்ப்பும் புதுசுங்க, மலைக்குப் போனா மட்டும் கொதிக்குதுங்க" என்றார் வண்டிக்காரர். ஒரு நாள் முழுக்கப் பம்ப்பையும் ஹோஸையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில்தான் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும்போது முகத்தில் வெந்நீர் ஆவி மாதிரி சூடான காற்று அடிப்பதைக் கவனித்தேன். ஃபேன் மோட்டார் எரிந்து, மாற்றும்போது யாரோ இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அது காந்தம் வைத்த டி.சி. மோட்டார், வயரை மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு முன்காற்றை இழுக்க வேண்டிய ஃபேன், இன்ஜின் சூட்டை எடுத்து ரேடியேட்டருக்குள் ஊதிக்கொண்டிருந்தது. ஊருக்குள் சூடு குறைவு என்பதால் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு வயரை இடம் மாற்றினேன், தீர்ந்தது. உங்கள் வண்டியிலும் ஒருவர் ஃபேன் வயரில் கை வைத்திருக்கிறார் என்று படித்ததுமே எனக்கு அந்த வண்டி நினைவுக்கு வந்தது.

கூடவே ஃபேனைச் சுற்றி இருக்கும் கூடு, அதாவது ஷ்ரவுட், இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மாற்றும்போது கிளிப் உடைந்துவிட்டால் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது அலங்காரம் இல்லை. அது இல்லாமல் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரான பகுதியிலிருந்து மட்டும் காற்றை இழுக்கும், ஓரங்கள் சும்மா கிடக்கும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து ஃபேன் மந்தமாகச் சுற்றினாலும் இதே கதைதான்.

அடுத்து, அளக்க வேண்டியது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், அந்தத் துப்பாக்கி மாதிரி கருவி, நல்ல ஒர்க்‌ஷாப்பில் இருக்கும், இரவல் கிடைத்தாலும் போதும். பளபளப்பான உலோகத்தில் அது பொய் சொல்லும். ஆகவே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சேரும் கழுத்திலும், கீழ் ஹோஸ் சேரும் கழுத்திலும் கொஞ்சம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளவெடுங்கள். மலையில் முள் ஏறத் தொடங்கியதும், சிவப்பை எட்டும் முன்பே, ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணைக்காமல் உடனே இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெல்ட்டும் ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும், கையையும் துணியையும் தள்ளி வையுங்கள். மேலே 100, கீழே 95 என்று இரண்டும் சேர்ந்து சூடாக இருந்தால் தண்ணீர் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ரேடியேட்டரில் சூடு இறங்கவில்லை. அது காற்றுக் கோளாறு, அல்லது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் அழுக்கால் அடைந்திருக்கின்றன. மேலே 100, கீழே 65 என்று பெரிய இடைவெளி இருந்தால் காற்று வேலை செய்கிறது, தண்ணீர்தான் மெதுவாக ஊர்ந்து வருகிறது. அது பம்ப், பெல்ட், ஹோஸ் அல்லது அடைப்பு. நான் பார்த்தவரை ஆயிரக்கணக்கில் செலவைத் தடுத்த சோதனை இந்த ஒன்றுதான். அதே கருவியை ரேடியேட்டர் முகம் முழுக்க மெதுவாக ஓட்டினால் எங்காவது ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடப்பது தெரியும். அங்கே டியூப் அடைத்திருக்கிறது.

புது ரேடியேட்டரில் எப்படி அடைப்பு வரும் என்று நினைப்பீர்கள். பழைய இன்ஜினுக்குள் இருந்துதான் வரும். நம் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், குண்டானில் கொதிக்க வைத்தால் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய இன்ஜினில் அதே உப்பும் துருவும் சேர்ந்து சிலிண்டரைச் சுற்றிய வழிகளில் படிந்திருக்கும். இன்ஜினைக் கழுவாமல் புது ரேடியேட்டரை மட்டும் மாட்டினால் அந்தத் துரு கரைந்து வந்து புது டியூப்களில் உட்காரும். உங்கள் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, இன்ஜின் ஆறிய பிறகுதான், விரலை விட்டுப் பாருங்கள். விரலில் செம்மண் மாதிரி ஒட்டினால் முழுவதும் வடித்து, தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும்.

தண்ணீர்ப் பக்கம் என்று தெரிந்தால் முதலில் ஃபேன் பெல்ட் (பெயர்தான் அப்படி, ஃபேனைச் சுற்றுவது மோட்டார்). இந்த வண்டியில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது ஆல்டர்நேட்டரைச் சுற்றும் அதே வி-பெல்ட்தான். கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஏறத்தாழ 1 செ.மீ. உள்ளே போகலாம், அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள். பெல்ட் பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ, புல்லியின் அடிப்பள்ளத்தைத் தொட்டாலோ இறுக்கிப் பயனில்லை, புதிது போடுங்கள். பிறகு கீழ் ஹோஸ். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். பழைய ரப்பர் சூட்டில் மெலிந்து, இன்ஜினை ரேஸ் செய்யும்போது உள்ளே சப்பிப் போகும், விட்டால் பழையபடி வந்துவிடும். நின்ற வண்டியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் ரேஸ் கொடுக்க, இன்னொருவர் தள்ளி நின்று டார்ச் அடித்து ஹோஸைப் பார்க்க வேண்டும். பம்ப்பைப் பொறுத்தவரை ஆட்டிப் பார்த்தால் பேரிங் ஆட்டம் தெரியும், அடியில் இருக்கும் சிறு கசிவுத் துளையில் வெள்ளை அல்லது துருக்கறை ஓடியிருந்தால் சீல் போய்விட்டது. உள்ளே இறக்கைகள் அரித்துப்போன பம்ப் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, ஆனால் தண்ணீரைத் தள்ளாது. போர் தண்ணீர் வண்டிகளில் இது சாதாரணம்.

இனி அந்த அரை லிட்டர். அடியில் ஈரம் இல்லை என்பதற்காகக் கேஸ்கெட் வழியாக உள்ளே போகிறது என்று முடிவுகட்டக் கூடாது. பம்ப் துளையில் கசிவது சூடான இன்ஜினிலேயே காய்ந்துவிடும். ஓடும்போது ஓவர்ஃப்ளோ வழியாக ரோட்டில் போவதும் வீட்டு வாசலில் தெரியாது. நான் முதலில் கை வைப்பது ரேடியேட்டர் மூடியில். அது வெறும் மூடி இல்லை, ஒரு வால்வு. இந்த ரக வண்டிகளில் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 0.9 கிலோ அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ 100 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் இன்னும் மோசம், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி இறங்குகிறது. மூடி கெட்டதன் அடையாளம் எளிது: சூடானதும் ரிசர்வ் டேங்க் நிறைந்துவிடும், ஆறிய பிறகும் தண்ணீர் ரேடியேட்டருக்குத் திரும்பாது. இன்னொரு அடையாளம், ஆறியதும் மேல் ஹோஸ் தட்டையாகச் சப்பிக் கிடப்பது. மூடியின் நடுவில் உள்ள குட்டி வால்வு மாட்டிக்கொண்டால் அப்படி ஆகும். புது ரேடியேட்டரோடு வந்த மூடி என்றால் அதன் மேல் என்ன எண் பொறித்திருக்கிறது என்று பாருங்கள், வேறு வண்டியின் மூடியும் வாயில் பொருந்திவிடும்.

உங்கள் வண்டியில் எல்.பி.ஜி. கிட் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், திரவக் கேஸை ஆவியாக்கும் ரெடியூசருக்குச் சூட்டுக்காக இன்ஜின் தண்ணீரைத்தான் டி-ஜாயிண்ட் போட்டு எடுத்திருப்பார்கள். அந்தச் சிறு ஹோஸ் கிளிப்புகள் ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடம்.

இன்ஜினே அதிகச் சூட்டை உண்டாக்கும் விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்புரேட்டர் வண்டியில் இக்னிஷன் டைமிங் பின்னால் தள்ளிப்போனால் கலவை தாமதமாக எரிந்து, சக்தியாக மாற வேண்டியது சூடாக ஹெட்டிலும் எக்ஸாஸ்ட்டிலும் இறங்கும். வண்டி ஏற்றத்தில் மந்தமாக இழுக்கும், நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள், இன்னும் சூடாகும். டைமிங் லைட் வைத்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்பதை, அதன் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தே சொல்லிவிடலாம், காற்று தடையின்றி வந்தால் கிழிசல். பிரேக் பிடித்தபடியே ஓடுவது, கிளட்ச் நழுவுவது இரண்டும் இதே விளைவைத் தரும்.

தெர்மோஸ்டாட் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றுவது தவறு. அது குளிர்நாட்டுப் பொருள் இல்லை. இன்ஜின் 80 டிகிரியை ஒட்டி வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லாமல் அது 60-இலேயே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், ஆயில் கெடும், மைலேஜ் குறையும், ரிங் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே பைபாஸ் என்ற குறுக்குவழியில் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் சூடு கூடவே செய்யும். சந்தேகம் இருந்தால் சோதித்துவிட்டு மாட்டுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரோடு அடுப்பில் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அதை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், ஆறியதும் முழுதாக மூட வேண்டும். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கி, சிறு காற்றுத் துளை மேலே.

இப்போது கேஸ்கெட். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, வாய்வரை தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் வரும் இரண்டொரு குமிழிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது உள்ளே தங்கிய காற்று. ஐந்து நிமிடம் கழித்தும் சோடா பாட்டில் மாதிரி விடாமல் குமிழி வந்தால், ரேஸ் கொடுக்கக் கொடுக்க அதிகமானால், சிலிண்டர் கேஸ் தண்ணீருக்குள் வருகிறது. அடுத்த நாள் மூடியை மூடி வைத்து இன்னொரு சோதனை: ஸ்டார்ட் செய்த ஒரே நிமிடத்தில், தண்ணீர் இன்னும் சூடேறாதபோதே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதே பொருள்தான். பிறகு மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டு பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால், அதிலும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால், மெக்கானிக் சொன்னது சரி. நீலத் திரவம் ஊற்றிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனையும் உண்டு, புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால்காபி நிறம் கண்டால் எந்தச் சோதனையும் வேண்டாம், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

இந்தச் சோதனைகள் எதிலும் மாட்டவில்லை என்றால் யார் சொன்னாலும் ஹெட்டை இறக்க விடாதீர்கள். மாட்டிவிட்டால், வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூடவும் விடாதீர்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் வளையும். லேத் பட்டறையில் நேர்க்கோல் வைத்து, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 0.05 மி.மீ.க்கு மேல் வளைவு இருந்தால் ஃபேசிங் செய்தே, அதாவது சீவிச் சமமாக்கியே, ஆக வேண்டும், அது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. விரிசல் சோதனையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கச் சொல்லுங்கள். கை மதிப்பில் இறுக்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

எது சரியானாலும் மறுபடி நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம். கலந்தே விற்கும் கூலண்ட் வாங்குங்கள், அல்லது அடர் கூலண்ட்டில் டப்பாவில் சொன்ன அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். வெறும் தண்ணீர் சூட்டைச் சுமப்பதில் கூலண்ட்டைவிட மேல் என்பது உண்மை. ஆனால் கூலண்ட் கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினியத்தையும் பம்ப்பையும் அரிக்காமல் காக்கிறது. நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள், பச்சை, சிவப்பு என்பதற்குப் பொதுவான கணக்கு எதுவும் இல்லை. அது இனிப்பான விஷம், நாயும் குழந்தையும் நாக்கில் வைக்கும், வடித்ததை வாசலில் விடாதீர்கள். நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும். மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, ஹோஸ்களைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள்.

அதுவரை திம்பம் போக வேண்டாம். சோதனைக்காகப் போயே ஆக வேண்டுமென்றால், முள் முக்காலைத் தொட்டதும் நிறுத்துங்கள், சிவப்புவரை காத்திருக்காதீர்கள். ஆவி பறந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். மூடியை அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் கையிலும் கழுத்திலும் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கொதித்த இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். இன்னொன்றும் கவனியுங்கள்: சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம்.

நாளைக் காலை அந்தக் காகிதச் சோதனையையும் குமிழிச் சோதனையையும் செய்யுங்கள், இரண்டும் அரை மணி நேரம்தான். காகிதம் ஒட்டியதா, குமிழி நின்றதா, மூடியில் என்ன எண் இருக்கிறது என்று எழுதுங்கள், அடுத்தது எது என்று சொல்கிறேன்.